அழகிய கடனுக்கு ஒரு படிவம்

நூம்பல் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் மதரஸா அறையில், சனிக்கிழமை மதியங்களில் பெண்களுக்கு நான் செல்போன் சொல்லிக்கொடுத்தேன். தைத்ததைப் படமெடுத்து விற்பது, ஆர்டர் வாங்குவது, இப்படி. கற்று முடித்தவர்களுக்குப் பள்ளிவாசல் ஜமாஅத் அழகிய கடன் தரும். வட்டியே இல்லாத கடன். அதில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வாங்கலாம். காகிதமெல்லாம் எதற்கு, ஆன்லைனில் படிவம் போட்டுத் தருகிறேன் என்று மார்தட்டியவள் நான்தான். ஐ.டி.க்காரி என்ற திமிர், வேறென்ன!

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முகப்பேர் வீட்டில் ஆபீஸ் மீட்டிங்குக்கு ஒரு காதைக் கொடுத்துக்கொண்டே, இன்னும் நிரப்பாத இரண்டு பேருக்காக லிங்க்கை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மறுபடி போட்டேன். ஐந்து நிமிடத்தில் ஒருத்தி கேட்டாள்: "இன்னாக்கா, இதுல எல்லாரும் எழுதினது தெரியுது?"

திறந்து பார்த்தேன். நான் போட்டது படிவமல்ல. ஜமாஅத் கமிட்டிக்காரர்கள் மட்டும் பார்க்க வேண்டிய பதில் பட்டியல். பெயர், கடன் ஏன் தேவை என்று அவரவர் எழுதியது, எல்லாம். யா அல்லாஹ்! அழிப்பதற்குள் இரண்டு முறை தவறாக அழுத்தினேன்.

ஒரு பதில்தான் என்னைக் கொன்றது. 'கத்தாரில் அவருக்கு வேலை போய் நாலு மாதம். மாமிக்கு, அவர் அம்மாவுக்கு, நெஞ்சு ஆபரேஷன் ஆகியிருப்பதால் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து யாரும் விசாரிக்க வேண்டாம்.' அந்த வீட்டில் ஒரே போன். மகன் கூப்பிடுவான் என்று பகலெல்லாம் அது மாமியின் கையில்தான் இருக்கும். அழிக்கும் முன்பே மெசேஜைப் பார்த்தவர்கள் வரிசையில் அந்த நம்பரும் இருந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு நூம்பலுக்கு ஓடினேன். வேலப்பன்சாவடிக்கு முன்னால் லாரிகள் நகரவே இல்லை. அந்தம்மா தரையில் விழுந்து கிடப்பதுபோலவே கண்முன் வந்தது. ஓதத் தொடங்கிய துஆவெல்லாம் பாதியில் மறந்துபோனது.

கதவு திறந்திருந்தது. மாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், உயிரோடு. மடியில் போன். அதை எழுதிய மருமகள் மாத்திரையும் தண்ணீருமாகப் பக்கத்தில் நின்றாள்.

"நாலு மாசமாவா?" மாமி என்னைத்தான் கேட்டார். "டூட்டி முடிஞ்சு வந்தேம்மான்னு டெய்லி சொல்றான். ஊருக்கே தெரிஞ்சு கீது, பெத்தவளுக்குத் தெரியலை."

"தப்பு என் மேலதான் மாமி. லிங்க்கை மாத்திப் போட்டுட்டேன்." எனக்கே அது கேவலமாகக் கேட்டது.

மாமி நெஞ்சைத் தடவிக்கொண்டார். மருமகள் பதறிக் குனிந்தாள். "வலிக்குதா மாமி? மூச்சு வாங்குதா?" அவர் இல்லையென்று தலையாட்டும்வரை நானும் மூச்சுவிடவில்லை.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"வகுப்புல ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்கன்னு தலைதலையா அடிச்சிகினீங்களே அக்கா. இந்த விஷயத்தைக் கூடப் பொறந்தவகிட்டயும் நான் வாயைத் தொறக்கலை. உங்க படிவத்துல மட்டும்தான் எழுதினேன். மெஷின் வாணாம், என் பேரை எடுத்துடுங்க."