அரக்கு பாலிஷில் ஒரு வளையம்

கண்ணாடி பொருத்திய அந்தப் பழைய மகோகனி மேஜை எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினெட்டு நாள் இருந்தது. பதினெட்டு நாளும் எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

என் வீட்டுக்காரர் தச்சர். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் அறைகள் வாடகைக்கு விடும் ஒரு அம்மாள், தன் தாயார் தலைவாரிய மேஜை என்று சொல்லிப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தாள். அவளுக்கும் என் வயதுதான். பருத்திப் புடவையை அவள் கட்டுகிற நேர்த்தியில் பத்து வயது கம்மியாகத் தெரிவாள்.

இவர் இழுப்பறையை உருவி எனக்குக் காட்டினார். "பாரு, ஒரு ஆணி கிடையாது. மரத்துக்குள்ள மரம் கோத்திருக்கான். விரல் கோத்த மாதிரி இன்னும் நிக்குது. எங்கப்பா செஞ்சா இப்படித்தான் செய்வாரு."

எங்கள் கட்டிலின் ஒரு காலுக்கு இரண்டு வருஷமாக அட்டை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

மேஜையின் பழைய கறைகளையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு அரக்கு பாலிஷ் ஆரம்பித்தார். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் சுற்றி முக்கி, வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். காய்ந்ததும் மறுபடி தேய்ப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்குத் தலைவலி என்று ஒருநாள் தைலம் தேய்த்துவிட்ட கை இல்லை அது. மகோகனிக்கு மட்டும் அப்படி ஒரு பக்குவம்.

கண்ணாடி இரண்டு பக்கத் திருகில் முன்னும் பின்னும் சாயும். எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்தால்தான் சாய்வு பார்த்துத் திருகை முறுக்க முடியும். என்னைக் கூப்பிடுவார் என்று தலைவாரிப் பூ வைத்துக் காத்திருந்தேன். அவர் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். வந்தாள், உட்கார்ந்தாள். இவர் பின்னால் நின்றுகொண்டு, "முகம் தெரியுதாங்க? இப்போ?" என்று கேட்டுக் கேட்டு முறுக்கினார். கண்ணாடியில் இரண்டு முகமும் சேர்ந்து தெரிந்தன. காபித் தட்டோடு நின்ற நான் அதில் எங்கேயும் இல்லை. போகும்போது அவள் மேஜையின் வலது மூலையைத் தடவிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போனாள்.

மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் வண்டி நுழையாது என்று மேஜை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. சாயங்காலம் இவர் குளிக்கப் போன நேரம், கொதிக்கக் கொதிக்க என் டம்ளரில் காபியை ஊற்றி அந்த வலது மூலையில் வைத்தேன். ஆறும்வரை எடுக்கவில்லை. அரக்கு பாலிஷுக்குச் சூடு ஆகாதென்று தச்சன் பெண்டாட்டிக்குத் தெரியாதா? எடுத்தபோது வெள்ளையாக ஒரு வளையம். மனசு குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே முந்தானையால் துடைத்துப் பார்த்தேன்; போகவில்லை.

இவர் வந்து வளையத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். சரிசெய்ய நேரம் கொடுக்காமல் மறுநாள் காலையிலேயே அவள் வண்டியோடு வந்து நின்றாள். இவர் பேர் கெட்டது, இனி அந்தப் பக்கத்தில் யாரும் வேலை தரமாட்டார்கள் என்று நான் கதவோரம் ஒதுங்கிக்கொண்டேன்.

வளையத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கம்மா காபி டம்ளர் வைக்கிற இடம் இது. அந்தக் கறைய எடுத்துட்டீங்களேன்னு அன்னிக்கே மனசு கேக்கல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்களா புரிஞ்சிக்கிட்டு திரும்ப வெச்சிட்டீங்களா?"

இவர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தபடி, "ஆமாங்க," என்றார்.

நான் பொறாமையில் வைத்த வளையத்தைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு போனாள் அவள். வண்டி தெரு திரும்பியதும் இவர் உள்ளே வந்தார்.

"உன்ன காட்டிக்குடுக்கக் கூடாதுன்னுதான் ஆமான்னு சொன்னேன்."

நியாயமாக அப்போது நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும்.

"சொன்னீங்க, சரி," என்றேன். "அதுக்கு எதுக்கு அந்தச் சிரிப்பு?"