கட்டைவிரலுக்கு அடியில்

வீடியோ நின்று, திரையின் நடுவில் அந்த வட்டம் சுற்றத் தொடங்கினால் திலகவதி அதைக் கட்டைவிரலால் மூடிவிடுவாள். "அது சுத்தறத பாத்துகினு இருந்தா பேஜாருங்க." அந்த வட்டத்தை ஒழிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவள் இப்படிச் சொல்கிறாள்!

ஆரணியில், கீழே தறி ஓடும் வீட்டின் மாடிதான் அவள் அலுவலகம். சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக அவள் எழுதும் புரோகிராம், பஸ்ஸில் வீடியோ பார்த்துக்கொண்டு போகிறவர் அடுத்து எந்த டவர் பக்கம் வருவார் என்று கணித்து, மிச்ச வீடியோவை அங்கே முன்கூட்டியே கொண்டுபோய் வைத்துவிடும். "பந்தியில ஆள் வந்து குந்தறதுக்குள்ள எலை போட்டு வெச்சிடணும். அவ்ளோதாங்க." வழியை அதற்குப் பழக்குவதற்காக அவள் படவேடு பஸ்ஸில் போய்வராத வாரமில்லை.

அன்று அவள் வேலையைப் பார்க்கப் போன நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆடி வெள்ளி. ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகும் பெண்களால் பஸ் பிதுங்கியது. கூட்டத்தில்தான் சோதிக்க வேண்டும் என்று நாள் குறித்த மேலாளர் ராஜ்குமார், சென்னையிலிருந்து கணினியில் கவனித்துக்கொண்டிருந்தார். அம்மன் அபிஷேக வீடியோ ஒன்று அவள் கைபோனில் படவேடு வரை நிற்காமல் ஓட வேண்டும். நின்றால் அவளுடைய ஓராண்டு உழைப்பை மூட்டை கட்டிவிடுவார்கள்.

பாதி வழியில் கண்டக்டர் குரல் கொடுத்தார். "ஆடிக் கூட்டத்துக்காக சந்தவாசல் ரோட்ட அடச்சிட்டாங்க. கண்ணமங்கலம் சுத்திகினு போறோம்!"

திலகவதிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அய்யய்யோ! ஆடி வெள்ளின்னா நான் வீட்ல கூழு ஊத்திகினு இருப்பேன். ஒரு ஆடி வெள்ளிகூட பஸ்ஸு ஏறினதில்ல. என் புரோகிராமுக்கு இந்த வழியே தெரியாதுங்க!"

மிச்ச வீடியோ சந்தவாசல் டவரில் காத்துக்கிடந்தது. நாங்கள் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தோம். பிறந்து வளர்ந்த ஊரின் ஆடி வெள்ளியை எப்படியம்மா மறந்தாய் என்று எனக்குக் கோபமே வந்தது.

லேப்டாப்பை மடியில் விரித்து, புது வழியின் டவர்களைக் கையாலேயே அடித்தாள். பஸ் குலுங்கியது. தப்பாக விழுந்தது. அழித்து மறுபடி அடித்தாள்.

"என்னம்மா, அடுத்த டவர்ல ஒண்ணுமே இல்லயே?" இன்னொரு போனில் ராஜ்குமார்.

"போய்கினே இருக்குது சார்."

பழைய டவரின் எல்லை முடிந்தது. அவள் கட்டைவிரல் தானாகவே திரையின் நடுவுக்குப் போய் அழுந்தியது. கண்களை இறுக மூடிக்கொண்டாள். இரைச்சலில் வீடியோவின் சத்தமும் கேட்கவில்லை.

எலுமிச்சை மாலையோடு பக்கத்தில் நின்றிருந்த அம்மாள் குனிந்து பார்த்தாள். "வெரல எடும்மா. அம்மன் மூஞ்சே தெரியல." சொன்னதோடு விடாமல், அந்த விரலைப் பிடித்து அவளே தூக்கினாள்.

அடியில் அம்மன் முகத்தில் பால் வழிந்துகொண்டே இருந்தது.

திலகவதி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.