இரண்டு பேர் வண்டி

காலை ஐந்தரை மணிக்குக் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது, முற்றத்தில் நின்ற வண்டிக்குள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்த என் மனைவி.

அது பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வண்டி. கொழும்பிலிருந்து ஊர் திரும்பிய வியாபாரி ஒருவரிடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், பழையதாக வாங்கினேன். அரிசி ஆலை டைனமோவில் மின்சாரம் ஏற்றிக்கொண்டால் நாகர்கோவிலுக்குள் சுற்றிவரப் போதும். இருக்கை இரண்டுதான். வழியில் பெரியவர் யாரையாவது கண்டால் நிறுத்தி ஏறச் சொல்வது எங்கள் பக்கத்து மரியாதை. அவர் ஏறினால் அவள் இறங்கி நடக்க வேண்டும். கோட்டாற்றில் இருந்த தாய் வீடுவரை அவள் ஒருமுறைகூட வண்டியில் போய்ச் சேர்ந்ததில்லை. பெரும்பாலும் ஏறுகிறவர் என் பெரியப்பா. "ஏலே மக்கா, சத்தத்தையே காணோம், வண்டி உறங்குதா?" என்று கேட்டபடி வேட்டியை மடித்துக்கொண்டு உட்காருவார்.

அன்று வடசேரி தாண்டியதும், ரோட்டோரக் குளத்தின் படியில் பெரியப்பா முதுகைக் காட்டி நின்று துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். என் கை வண்டியின் மணிக்குப் போனது. அவள் அதன்மேல் தன் கையை வைத்தாள்.

"அடிக்காண்டாம். மாமா கண்டாவன்னா நான் இறங்கணும்."

"திரும்பிப் பாத்தாவன்னா?"

"பாக்கட்டும். நாளைக்கு நான் நடக்கேன்."

நான் மணியிலிருந்து கையை எடுத்தேன். வண்டி குளத்தைத் தாண்டும்போது பெரியப்பா துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

அவள் தாய் வீட்டு வாசலில் இறங்கினாள்.