தகரக் கோயிலுக்குள் வைத்த ரிசீவர்: கூலிமிலிருந்து மெர்போக் கரை வரை

இந்த வலைப்பதிவில் இதுவரை சாப்பாட்டுக்கடை, அருவி, கோயில் திருவிழா என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இந்தப் பயணம் அப்படிப்பட்டதல்ல. அக்டோபரில், மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை போய் வந்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்னும் இரவில் கூரையில் மழை விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

நான் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலை டெக்னீஷியன். கைபேசிக்குள் போகும் ரேடியோ சில்லுகளைச் சோதிப்பது வேலை. வெளி அலை எதுவும் புகாத இரும்பு அறைக்குள் உட்கார்ந்து பதினோரு வருஷம் ஓட்டியாயிற்று. இந்தச் சாமான்களுக்கு இப்போது நல்ல காலம். டோல் ஸ்டிக்கர், படகு டிராக்கர், மாட்டுக் கழுத்துப் பட்டை என்று எல்லாவற்றிலும் ரேடியோ வந்துவிட்டது. பினாங்கு வியாபாரி ஒருவர் கெடாவுக்கு என்னை ஏஜெண்டாக இருக்கச் சொன்னார். யார் வாங்குகிறார்கள், யார் ஏமாறுகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று கிளம்பினேன். அப்படியே தங்கச்சி வீட்டிலும் ஒரு எட்டு.

காலை 7.15க்குக் கிளம்பினேன். டோலில் என் ஸ்டிக்கரை மிஷின் படிக்கவில்லை. கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு பிலிமில் உலோகம் கலந்திருக்கிறது, அலை உள்ளே வராது. இது எனக்குத் தெரியும், இருந்தும் மாற்றவில்லை. பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தே கொன்றார். கோத்தா கோலா மூடாவுக்கு என் மீட்டரில் 54 கிலோமீட்டர். 8.40க்கு அங்கே ரொட்டி சானாய் இரண்டு, தே தாரிக் ஒன்று, 5 வெள்ளி 20 காசுக்குப் பசியாறினேன்.

கரையில் சுனாமி எச்சரிக்கை சைரன் கம்பத்தைப் பார்த்தேன். அதுவும் ரேடியோவை நம்பித்தான் நிற்கிறது. 2004 சுனாமியில் அலை வந்த ஊர் இது. கம்பத்தடியில் நின்று கடலைப் பார்த்துவிட்டு இரண்டு அடி பின்வாங்கினேன். நான் பொதுவாகவே பயந்தாங்கொள்ளி, வாசகர்களுக்குத் தெரியும்.

அங்கிருந்து சுங்கை பட்டாணி, பீடோங் வழியாகச் சுற்றிக்கொண்டு தஞ்சோங் டாவாய், 47 கிலோமீட்டர். ஆற்றுக்கு அக்கரை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் காரோடு போவதானால் இத்தனை தூரம். படகுக்காரர்கள் டிராக்கர் விலையைக் கேட்டார்கள், வாங்குகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. மீன் கிடைக்கும் இடத்தை அடுத்தவன் பார்த்துவிடுவான் என்ற பயம். ஒரு பெரியவர் மட்டும் போகும்போது சொன்னார்: "இன்னிக்கி நீர் பெரிசு தம்பி. சாயங்காலம் ஏழு மணிக்கு ஆறு பாரிட்டுக்குள்ள ஏறும். கெரேத்தாவ தாழ்வான எடத்துல போடாதீங்க லா." பாரிட் என்றால் இங்கே தோட்டத்து வாய்க்கால், கெரேத்தா என்றால் கார். தலையாட்டிவிட்டு இரண்டு கிலோ கருவாடு வாங்கினேன்.

தங்கச்சி செல்வி இருக்கும், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டம் அங்கிருந்து 11 கிலோமீட்டர். அவள் வீட்டுக்காரர் சேகர் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே ஆறு மாடு வளர்க்கிறார். இரண்டு மாதம் முன்னால் நான்தான் அவருக்கு ஒரு செட் வாங்கிக் கொடுத்தேன்: ஐந்து கழுத்துப் பட்டை, சிவப்பு பட்டன் வைத்த கைப்பட்டை ஒன்று, இவை அனுப்புவதைப் பிடித்துக் கைபேசிக்குத் தரும் ரிசீவர் பெட்டி ஒன்று. "இனிமே போன்கூட தேவையில்ல மாப்ள, பட்டன அமுக்குங்க, புள்ளி தெரியும்" என்று பெருமையாகச் சொன்னவனும் நானே.

3.40க்குப் போய்ச் சேர்ந்தேன். மழை. செல்வி கைபேசியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அண்ணே, ஒரு மணிக்குப் போனாரு. செவலயக் காணோம்னு. செனை மாடுண்ணே. போனை வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டாரு, மழைல நனையும்னு. புள்ளி 1.10க்கு நின்னுருச்சி."

திரையைப் பார்த்தேன். தோட்டத்தின் நடுவில், மெர்போக் ஆற்றை ஒட்டிய மேற்குச் சதுப்புக்குப் பாதை திரும்பும் இடத்தில் 'சேகர்' என்று ஒரு சாம்பல் புள்ளி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. "மழையில் சிக்னல் கொஞ்சம் இழுக்கும், வந்துவிடுவார்" என்று சமாளித்தேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கையில்லை, இந்த அளவு மழை அந்த அலையை ஒன்றும் செய்யாது. 4.30 ஆயிற்று. தோட்டத்து ஆட்கள் நாலு பேர் மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பினார்கள். மேற்கே எத்தனை பாரிட், எத்தனை வரிசை மரம். எங்கே என்று தேடுவது?

"ரிசீவர் எங்கே இருக்கு?" என்றேன்.

"முனி கோயில்லதான். நீங்கதான சரின்னீங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதலில் நான் அதைத் தண்ணீர்த் தொட்டி மேல் கட்டியிருந்தேன். ஒரே வாரத்தில் திருடன் கேபிளை அறுத்துவிட்டான். இந்தத் தோட்டத்தில் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள், முனியாண்டி காலடியில் இருப்பதைத் தவிர. அதனால் சேகர் பெட்டியைக் கொண்டுபோய்க் கோயிலுக்குள் வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "நல்ல யோசனை" என்றேன். அந்தக் கோயிலுக்கு மூன்று பக்கமும் தகரம், மேலேயும் தகரம். வாசல் கிழக்கே. இத்தனை நாள் மாடு கிழக்கே மேய்ந்ததால் புள்ளி வந்தது. அந்த வாரம் கிழக்குப் பக்கம் மருந்தடித்திருந்தார்கள், மாட்டை மேற்கே திருப்பிவிட்டிருந்தார். இரும்பு அறைக்குள் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் நான், எனக்கு இது தோன்றவில்லை. முனி காவல் என்றதும் மூளை நின்றுவிட்டது.

ஓடினோம். பெட்டிக்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சொருகியிருந்தது. பூசாரி ராமையா அண்ணன் குடையோடு நின்றார். "ஐயா காலடில வச்சத உத்தரவு கேக்காம எடுக்கக் கூடாது தம்பி. சூடம் காட்டிடறேன், ஒரு நிமிஷம்" என்றார். தீப்பெட்டி நமுத்துப் போயிருந்தது. ஒரு குச்சி, இரண்டு, மூன்று. எனக்கும் கை நீளவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே முனி, வெளியே எங்கோ சேகர், இரண்டு பக்கமும் பயம்.

செல்வி சேற்றுச் செருப்போடு உள்ளே போனாள். பெட்டியைத் தூக்கி மாலையோடு என் கையில் வைத்தாள். "என்னைக் கேக்கட்டும்ணே, நான் பதில் சொல்லிக்கிறேன்." ராமையா அண்ணன் குடையைப் போட்டுவிட்டு ஏணி எடுத்துவர ஓடினார்.

தொட்டி மேல் ஏறிப் பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டேன். மணி 5.25. இடி இடிக்கிறது, கையில் ஆண்டெனா. கீழே செல்வி திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். ஒரு மாடு, இரண்டாவது மாடு, ஐந்தும் வந்தன. 5.36க்கு 'சேகர்' பச்சையாக வந்தது. அடுத்து வந்த புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்தது. "நடக்கிறாரு அண்ணே! நடக்கிறாரு!" என்று அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

ராமையா அண்ணன் மோட்டாரில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனார். ஒன்றரைக் கிலோமீட்டர், கடைசி முந்நூறு மீட்டர் சேற்றில் நடை. புள்ளி இருந்த இடத்தில் செவலை நின்று ஓலையைத் தின்றுகொண்டிருந்தது. அதன் கழுத்துக் கயிற்றில், ராஃபியா பிளாஸ்டிக் கயிறு போட்டு இறுக்கி, சேகரின் கைப்பட்டை கட்டியிருந்தது.

பட்டை ஐந்து, மாடு ஆறு. தேடிப் பிடித்ததும், சினை மாட்டுக்கு இல்லையே என்று தன் கையிலிருந்ததைக் கழற்றிக் கட்டியிருக்கிறார். செல்வி அதைப் பார்த்துவிட்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். பாரிட்டில் தண்ணீர் கடல் பக்கமிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. தஞ்சோங் டாவாய்ப் பெரியவர் சொன்ன ஏழு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். அந்த நேரத்தில் எனக்கு இருந்த பயத்தை எழுதத் தெரியவில்லை. தங்கச்சியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அது மட்டும் சொல்கிறேன்.

அதன் பிறகு ரேடியோ எதுவும் உதவவில்லை. மாட்டின் குளம்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனோம், கத்திக்கொண்டே. மூன்றாவது பாரிட்டில், செவலை தாண்டி ஓடிய பலகைப் பாலம் முறிந்து கிடந்தது. கீழே நெஞ்சளவு தண்ணீரில், முறிந்த கட்டைக்கு அடியில் கால் மாட்டி, உதடு நீலம் பாரித்து சேகர் நின்றார். கத்திக் கத்திக் குரலே போய்விட்டிருந்தது. மணி 6.15. மோட்டாரில் இருந்த கயிறு, என் பெல்ட், செவலையின் கயிறு, எல்லாம் போட்டு வெளியே இழுக்க இருபது நிமிஷம். அதற்குள் தண்ணீர் அவர் தோளைத் தொட்டுவிட்டது.

வெளியே வந்ததும் முதலில் கேட்டது, "செவல கெடச்சிருச்சா?"

செல்வி அவர் கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டாள்.

சுங்கை பட்டாணி மருத்துவமனைக்கு 26 கிலோமீட்டர், 35 நிமிஷம். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. பினாங்கு வியாபாரி கேள்விப்பட்டு, மாவுக்கட்டோடு ஒரு படம் அனுப்பச் சொன்னார், 'உயிர் காத்த கருவி' என்று விளம்பரம் போடவாம். நன்றாக ஏசிவிட்டுப் போனை வைத்தேன். ஏஜெண்டு பேச்சு அதோடு முடிந்தது.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் மெர்போக் கரையோரத் தோட்டங்களுக்குள் நீர் ஏறும் நேரம் கேட்காமல் போகாதீர்கள், படகுத்துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்தக் கருவிகளை வாங்குகிறவர்களுக்கு: ரிசீவரைத் தகரத்துக்குள் வைக்காதீர்கள், அது சாமி இருக்கும் தகரமாக இருந்தாலும். வைத்த பிறகு நாலு திசையிலும் நடந்து பாருங்கள், நான் செய்யாத வேலை அது. இரண்டு ஆளாகப் போங்கள். ஆளுக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று, எண்ணி வாங்குங்கள். ஆறாவது பட்டைக்கு விலை 165 வெள்ளி. அன்றைக்கு 'ஐந்து போதும் மாப்ள' என்று சொன்னவன் நான்தான்.

ஆறாவதை மறுநாளே வாங்கிக் கொடுத்துவிட்டேன். சேகர் இப்போது கட்டுப் போட்ட காலோடு தோட்டத்துப் பக்கம் போகிறார், கைப்பட்டையும் கையில்தான் இருக்கிறதாம். பெட்டி தொட்டி மேலேயே நிற்கிறது, எல்லாப் புள்ளியும் பளிச்சென்று வருகிறது. ஆனாலும் செல்வி தினமும் அவருக்குப் போன் அடிக்கிறாள், ஒரே கேள்விதான்: "அங்க நிக்கிறது நீங்களா, மாடா?"