எடு, விடு, லூசு

காலை 6.40. ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து அடையாறுக்கு ஆட்டோவில் எண்பது ரூபாய். நானும் என் நாத்தனார் செல்வியும். நாங்கள் பாறை ஏறப் போகத் திட்டமிட்டிருப்பது லாவோஸுக்கு. தாக்கேக் என்ற ஊருக்கு அருகே, இரு பக்கமும் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக எழ, நடுவே ஆறு ஓடும் ஒரு பள்ளத்தாக்கு. மழைநீர் அரித்த துளைகள் அங்கே விரலுக்கு நல்ல பிடி தரும் என்கிறார்கள். ஜனவரியில் ஒன்பது நாள். பாங்காக் வரை விமானம், அங்கிருந்து நக்கோன் பனோம், பிறகு பாலம் வழியாக மீகாங் ஆற்றைக் கடக்க வேண்டும். முகாமில் எங்களுக்கு ஒரு குடிலை ஒதுக்கி வைத்திருந்தார்கள். வருகிறோமா என்று அன்று மாலை ஆறு மணிக்குள் சொல்ல வேண்டும்.

7.15. நாங்கள் நான்கு மாதமாகப் பழகும் செயற்கைச் சுவரின் உயரம் பன்னிரண்டு மீட்டர். ஒருவர் ஏறும்போது மற்றவர் கீழே நின்று கயிற்றைப் பிடிப்பார். கயிற்றை இழுத்து இறுக்க 'எடு', தளர்த்த 'விடு' என்று எங்களுக்குள் வைத்திருந்தோம். அன்று ராட்சத மின்விசிறி ஓடியது. பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள். உச்சிக்கு இரண்டு பிடி இருக்கையில் என் கை சோர்ந்துவிட்டது. "எடு" என்று கத்தினேன். செல்வி விட்டாள்.

ஆறடி விழுந்திருப்பேன். கயிறு பிடித்துக்கொண்டது. முட்டி சுவரில் உரசியது, அவ்வளவுதான்.

பயிற்சியாளர் வந்து பார்த்தார். "இன்னாக்கா, எடு விடுன்னு வெச்சிகினு கீறீங்க? ரெண்டும் ஒரே மாரி கேக்குது. இங்க மெத்தை கீது. அங்க இன்னா கீது, பாறைதான்."

திரும்பும் வழியில், ஆட்டோ அடையாறு பாலத்தில் ஏறும்போது செல்வி சொன்னாள்.

"நான் வரலை மதினி."

"சிராய்ப்புதானே."

"நான்லா விட்டேன். அங்க ஆத்துச் சத்தத்துல இப்பிடி ஆனா எங்க அண்ணன்ட்ட என்னத்தச் சொல்ல?"

இந்தப் பயணத்தை முதலில் கேட்டவளே அவள்தான். திருமணமான பிறகு குடும்பத் துணிக்கடையை விட்டு ஒரு வாரம்கூட எங்கும் போனதில்லை.

பகல் 3.30. தியாகராய நகர். செல்வியின் குடும்பக் கடையில் முதல் மாடி முழுக்க ஆயத்த ரவிக்கைகள். சமாதானம் பேசத்தான் போயிருந்தேன். சனிக்கிழமைக் கூட்டம்; பேச இடமில்லை. உடை மாற்றும் அறைக்குள்ளிருந்து ஒரு பெண், "டைட்டு" என்றாள். செல்வி திரும்பிப் பார்க்காமலே பெரிய அளவை எடுத்துக் கதவுக்கு மேலே கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையிலிருந்து, "லூசு." அங்கே சின்ன அளவு போனது.

"செல்வி, இதை நீ எப்போதாவது மாற்றிக் கேட்டிருக்கிறாயா?"

"எத?"

"டைட்டு, லூசு."

அவள் கையிலிருந்த ரவிக்கையை மடிக்காமல் நின்றாள். "பத்தொம்பது வருசமா கேக்கேன். மாத்திக் கொடுத்ததில்ல."

4.50. செல்வி மாடி வராந்தாவில் எனக்கு முதுகு காட்டி நின்றாள். நான் தெருவின் எதிர்ப்பக்கம். கயிற்றை இறுக்க இனி டைட்டு, தளர்த்த லூசு; சத்தத்தில் கேட்கிறதா என்று சோதனை. டைட்டு என்றால் அவள் வலது கையும், லூசு என்றால் இடது கையும் தூக்க வேண்டும். நடுவே தள்ளுபடியை அறிவிக்கும் ஒலிபெருக்கிகள் மூன்று, ஹாரன்கள், அதற்கு மேல் ஒரு நாகஸ்வரப் பதிவு. நான் வரிசை மாற்றி மாற்றிக் கத்தினேன்.

ஏழாவது தடவை, என் பக்கத்தில் ஊசி, சேஃப்டி பின் விற்கும் அம்மாள் நிமிர்ந்தார். "யார்மா லூசு?"

"மேலே நிற்கிறார்களே, என் நாத்தனார்."

"அப்ப நல்லா கத்து."

இருபது தடவை. இருபதும் சரி. கடைசி லூசுக்கு இடது கையைத் தூக்கியபடியே திரும்பிப் பார்த்து, போதும் என்று செல்வி சைகை காட்டினாள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

5.35. முகாமுக்கு அவளே செய்தி அனுப்பினாள்: இருவர், ஒன்பது நாள். அந்தப் பள்ளத்தாக்கில் ஆறு எவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. தியாகராய நகரின் சனிக்கிழமையை மிஞ்சாது என்றே நினைக்கிறேன்.

நான் கிளம்பும்போது படி வரைக்கும் வந்தாள்.

"நாளைக்குக் காலையில வேணும்னே விழுங்க மதினி. நான் பிடிக்கேன்."