மகள் படித்தாள், தாய் பொருள் கண்டாள்

எழுத்தாய் நின்று, எழுத்தின் உட்பொருளாயும் நின்று அருளும் அன்னை கலைமகளின் திருவடிகளை முதற்கண் வணங்கி இதனை எழுதத் தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு விசயதசமி நன்னாள். மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை லாலாங்கை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்து அம்மன் கோயிலில் நடந்தது இது. சுங்கைப் பட்டாணியில் பூசைப் பொருள் கடை நடத்தி ஓய்ந்தவன் நான். கடையை மகனிடம் ஒப்படைத்த பிறகு, ஞாயிறுதோறும் அந்தக் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பக்திப் பாடல் வகுப்பு நடத்தி வருகிறேன்.

பாடல்களைப் பாட வைப்பது எளிது. பொருள் புரிய வைப்பதுதான் கடினம். இரண்டு சொற்கள் கைகோத்து ஒன்றாகிவிட்ட கூட்டுச்சொற்கள் வரிக்கு வரி வரும். பிள்ளைகள் அங்கே நின்றுவிடுவார்கள். நான் உடனே பொருளைச் சொல்லிவிடுவதில்லை. மண்குடம் என்றால் மண்ணால் ஆன குடம். பால்குடம் பாலால் ஆனதன்று. பாலைச் சுமக்கும் குடம். தைப்பூசத்தில் பால்குடம் ஏந்தி நடந்த பிள்ளைக்கு இதை ஒருவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதுபோலத்தான் எல்லாச் சொல்லும் என்பேன். சொல்லைப் பிரித்துப் பார். முன்னும் பின்னும் இருப்பதைப் படி. உனக்குத் தோன்றிய பொருளை அந்த வரிக்குள் வைத்துப் பார். பொருந்தி உட்கார்ந்தால் சரி. உறுத்தினால் மறுபடி தேடு.

எங்கள் கோயிலில் விசயதசமிக்கென ஒரு வழக்கம் உண்டு. காலையில் சின்னஞ்சிறு குழந்தைகள் பச்சரிசியில் எழுத்துத் தொடங்குவார்கள். வளர்ந்த பிள்ளைகள், அன்று கையில் கொடுக்கும் புதிய பாட்டு ஒன்றை அம்மன் முன் நின்று பாடி, அதற்குப் பொருளும் சொல்ல வேண்டும். அச்சில் வந்த பாடலானால் பொருளும் எங்கேனும் கிடைத்துவிடும் என்பதால், அந்த நான்கு வரிகளை நானே எழுதுவேன். கவிதை என்று சொல்லிக்கொள்ளும் தகுதி அவற்றுக்கு இல்லை. பாட்டை வாங்கியதிலிருந்து பூசை மணி அடிக்கும் வரை, பிள்ளைகள் கோயிலில் உள்ள யாரோடும் சேர்ந்து பொருள் தேடலாம். புத்தகமும் கைப்பேசியும் மட்டும் கூடாது.

விசயதசமிக்கு முந்தைய ஞாயிறு. வகுப்பு முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் வந்தார். சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். ஞாயிறுதோறும் மகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டு, வாசலிலேயே காத்திருந்து அழைத்துப் போவார். மகள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. வகுப்பிலேயே நல்ல குரல் அவளுடையதுதான்.

"ஐயா, அந்த விசயதசமிப் பாட்டு இருக்குல்ல, அதோட அர்த்தத்தை இப்பவே குடுத்துடுங்க லா. மனப்பாடம் பண்ணிட்டு வந்துடும். எல்லாரு முன்னாலயும் நின்னு முழிச்சுச்சுன்னா பிள்ள மனசு ஒடஞ்சிடும்."

"பாட்டையே இன்னும் எழுதலையேம்மா" என்றேன். உண்மையும் அதுதான்.

அவர் கைப்பேசியை எடுத்து நீட்டினார். "போன வாரம் அலைமகள்னு சொல்லிக் குடுத்தீங்களாம். வீட்டுல வந்து என்கிட்ட கேட்டுச்சு. நான் இதுல பேசிப் பார்த்தேன். மலாய்ல என்னா வருதுன்னு பாருங்க. ஒம்பாக்கோட பொம்பளப் பிள்ளையாம்! கடல் அலைக்கு எப்படி ஐயா பிள்ள பொறக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, மலாயில் அனாக் குஞ்சி என்கிறோமே, அது என்ன பூட்டுக்குப் பிறந்த பிள்ளையா?" என்று கேட்டேன்.

அவரும் சிரித்தார். "ஐயோ, அது சாவி லா."

"பிள்ளை இல்லை, சாவி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாசல்ல நின்னுக்கிட்டு, அனாக் குஞ்சியக் காணோம்னு சொன்னா, பின்ன எதைத் தேடுவாங்க?"

"அவ்வளவுதான் அம்மா. இங்கே நாங்கள் செய்வதும் அதுதான்."

ஆனால் சிரிப்பு அவர் முகத்தில் தங்கவில்லை. "அது பழகுன பாஷை ஐயா. தமிழ் அப்படி இல்ல. அடுத்த வருஷம் இத மலாய்ப் பள்ளிக்கு மாத்திடப் போறேன். முடிவு பண்ணியாச்சு. இந்த விசயதசமி மட்டும் நல்லபடியா முடியட்டும்" என்றார்.

சற்றுத் தள்ளி, தலைக்கவசத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மகள் நின்றிருந்தாள். அவள் என்னைத்தான் பார்த்தாள். தமிழ்ப்பள்ளியை விட்டுப் போக அவளுக்கு விருப்பமில்லை என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். அவள் தோழிகள் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார்கள். அப்பள்ளியோ பிள்ளைகள் குறைந்து குறைந்து, ஒருத்தி போனாலும் வெறுமை தெரியும் நிலையில் இருப்பது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "எனக்கு வேற வழியில்ல ஐயா" என்று சொல்லி அந்தத் தாய் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டார்.

தமிழ் படித்தால் பிழைப்புக்கு உதவாது என்று எண்ணும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவரும் அவர்களில் ஒருவர் என்றே அன்று நினைத்துக்கொண்டேன். வருத்தத்தோடுதான் பாட்டை எழுத உட்கார்ந்தேன்.

விசயதசமி அன்று காலை பிள்ளைகளுக்குப் பாட்டைக் கொடுத்தேன். அந்தச் சிறுமிக்குக் கிடைத்த வரிகள் இவை:

பால்நிலா எழவே பகல்வெயில் தணிய,
தாய்முகம் கண்டு சேய்விழி மலர,
மனவிருள் நீங்க மணிவிளக்கு ஏற்றி
மலைமகள் அடியை வணங்குவம் நாமே.

மற்றப் பிள்ளைகள் பூசாரியையும் நாதசுரக்காரரையும் சூழ்ந்துகொண்டார்கள். அவள் நேரே பின்கட்டுக்கு ஓடினாள். அன்னதானச் சமையலுக்கு உதவ வந்திருந்த அவள் தாய் அங்கேதான் இருந்தார். நைவேத்தியம் என்ன ஆயிற்று என்று பார்க்க நானும் சிறிது நேரத்தில் அங்கே போனேன். உள்ளே குரல் கேட்கவே, தேடுகிறவர்களை இடையில் புகுந்து கலைக்க வேண்டாமென்று தண்ணீர்த் தொட்டியருகே நின்றுவிட்டேன்.

தாய் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மகள் காய்கறிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, பால்நிலான்னா என்னாம்மா?"

"பாலும் நிலாவும்."

அடுப்பருகே கரண்டியோடு நின்ற சமையல்கார அக்கா விடவில்லை. "நிலாவுல போயிப் பால் கறக்கப் போறியா? இவ சொல்றதக் கேளு!"

"தெரிஞ்சா நீங்க சொல்லுங்களேன் அக்கா."

"தெரிஞ்சா நான் ஏன்டி இங்க வெங்காயத்தோட அழுதுக்கிட்டு இருக்கேன்?"

மகள் முதல் வரியைத் திரும்பப் படித்தாள். "வெயில் தணியுதுன்னு இருக்கும்மா. அப்போ சாயங்காலம். நிலா அப்பத்தான் வருது."

"புதுசா வர்ற நிலா நல்லா வெள்ளையா இருக்கும்."

"பால் மாதிரி வெள்ளை!" என்று மகள் துள்ளினாள். "சரி, சேய்விழி? விழின்னா கண்ணு. சேய்னா?"

"அது எனக்குத் தெரியாதுடி. முன்னால என்னா இருக்கு?"

"தாய்முகம் கண்டு. அம்மா மொகத்தப் பார்த்து அந்தக் கண்ணு மலருது."

தாய் கத்தியால் பூசணிக்காயைத் தட்டியபடி யோசித்தார். "நீ கைப்பிள்ளையா இருந்தப்ப, நான் ஷிப்டு முடிஞ்சு வந்து எட்டிப் பார்த்தா கண்ண இந்தா பெருசுக்கு விரிப்ப. அதைத்தான் சொல்றாங்களா?"

"அப்போ சேய்னா பிள்ளம்மா! பிள்ளையோட கண்ணு!"

"ஆத்தாடி, ஆத்தாளும் மகளும் ஐயாவோட பாட்டப் பிரிச்சு மேயுறாங்களே" என்றார் அக்கா.

அடுத்த சொல் மனவிருள். மனம், இருள் என்று மகள் உடனே பிரித்துவிட்டாள். ஆனால் அங்கேயே நின்றாள். "மனசுக்குள்ள எப்படிம்மா இருட்டு வரும்? அங்கயும் கரண்டு போகுமா?"

அக்கா சிரித்தார். தாய் சிரிக்கவில்லை. "திரும்பப் படி" என்றார். மகள் படித்தாள். "இன்னொரு வாட்டி படி."

கத்தி நறுக்கும் ஓசை நின்றுபோனது. பிறகு அவர் பேசியது மெல்லிய குரலில்.

"சாயங்காலம் தமிழ் புக்கத் தூக்கிட்டு வந்து, அம்மா இது என்னான்னு கேப்பல்ல. நான் படிச்சது மலாய்ப் பள்ளி. தமிழ்ல எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அம்மாவுக்கு அலுப்பா இருக்கு, போடின்னு சொல்லிடுவேன். அலுப்பு இல்லடி. தெரியல. நீ மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போவ. அப்போ எனக்கு உள்ள ஒண்ணு வந்து கம்முனு அடைச்சுக்கும் பாரு. அதுவாத்தான் இருக்கும்."

மகள் பாட்டுத் தாளை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அதுக்குத்தான் மலாய்ப் பள்ளியில போடப் போறீங்களா?"

"அங்கன்னா நான் ஒனக்குச் சொல்லிக் குடுப்பேன்ல."

சமையல்கார அக்கா திரும்பிக்கொண்டு, கொதிக்காத சாம்பாரைக் கிளறத் தொடங்கினார்.

"இப்பவும் நீங்கதானம்மா சொல்லிக் குடுத்தீங்க" என்றாள் மகள். "எழுத்தப் படிச்சது நானு. அர்த்தம் கண்டுபிடிச்சது நீங்க."

நான் வந்த சுவடு தெரியாமல் திரும்பினேன். நைவேத்தியத்தைப் பற்றிக் கேட்கவே மறந்துபோனேன்.

பூசை முடிந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவள் முறை வந்தது. பிசிறில்லாமல் பாடினாள். நிலவைச் சொன்னாள், குழந்தையின் கண்ணைச் சொன்னாள். மூன்றாம் வரிக்கு வந்தாள். அடுக்களையில் கேட்டதை அப்படியே சொல்லிவிட்டால், அந்தத் தாய் இத்தனை நாள் மறைத்து வைத்ததெல்லாம் ஊர் நடுவே உடைந்துபோகுமே. மண்டபத்து வாசலில், ஈரக் கையைத் துடைப்பதைப் பாதியில் விட்டுவிட்டு அவள் தாய் நின்றிருந்தார்.

"மனவிருள்னா" என்று தொடங்கிச் சிறுமி நிறுத்தினாள். "தெரியாததைத் தெரியலன்னு சொல்ல முடியாம, உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டுக் கஷ்டப்படுறது. பரீட்சையில எனக்கு அப்படித்தான் வரும். அது போகணும்னு விளக்கு ஏத்திச் சாமி கும்பிடுறோம்."

தாயின் பெயரை அவள் எடுக்கவில்லை. தன்னுடையதாகவே சொல்லி முடித்துக்கொண்டாள்.

அறியாமை என்ற பொருளில் அச்சொல்லை நான் எழுதியிருந்தேன். எத்தனையோ பழம்பாடல்களில் ஓதி ஓதிப் பழகிய பொருள் அது. ஆயினும் அறியாமை ஒரு வீட்டுக்குள் எங்கே உட்கார்ந்திருக்கும், யாரை எப்படி வாட்டும் என்று ஒரு நாளும் இத்தனை அருகில் போய்ப் பார்த்தவனில்லை. சரியா தவறா என்று நான் சொல்வதற்காகப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். "சரி" என்று மட்டும் சொன்னேன். அடுத்த பிள்ளையை அழைத்தேன்.

பந்தி முடிந்தபின் அந்தத் தாய் வந்தார். பின்கட்டில் நின்று கேட்டதை நான் மறைக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தமிழ் வேணாம்னு இல்ல ஐயா. பெத்தவளுக்கு ஒண்ணும் தெரியலைன்னு பிள்ள நெனச்சிடுமோன்னு பயம்."

"இன்றைக்கு அப்படி நினைத்ததா?"

அவர், பக்கத்தில் நின்ற மகளின் சடையை இழுத்துச் சரிசெய்தார்.

"வீட்டிலும் இதையே செய்யுங்கள் அம்மா. அவள் உரக்கப் படிக்கட்டும். நீங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். தெரியாத சொல் வந்தால், முன்னால் என்ன, பின்னால் என்ன என்று கேளுங்கள். பேச்சுத் தமிழும் மலாயும் வாழ்ந்த வாழ்வும் உங்களிடம் இருக்கின்றன. எழுத்து அவளிடம் இருக்கிறது" என்றேன்.

"தப்பா கண்டுபிடிச்சா?"

"வரி அதை ஏற்காது. உறுத்தும். மறுபடி தேடுங்கள்."

மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் எடுத்தபடி அவர் சொன்னார்: "ஒரு வருஷம் வச்சுப் பார்க்கறேன் ஐயா. அதுக்கு மேல வாக்குக் குடுக்க மாட்டேன்."

மகள் அப்போது அழவுமில்லை, குதிக்கவுமில்லை. ஓடிப்போய் வண்டியின் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள், தாமதித்தால் அம்மா மனம் மாறிவிடுவார் என்பதுபோல.

இப்போது அவள் அதே தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். மதிப்பெண்கள் பெரிதாக ஏறிவிடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தாய் வாசலில் காத்திருப்பதில்லை. உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறார். சென்ற மாதம் நான் ஒரு சொல்லுக்கு விளக்கம் சொன்னபோது, "ஐயா, அது அந்த எடத்துல ஒக்காரலையே" என்றார். பிள்ளைகள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வரியை மீண்டும் படித்தேன். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து மறுபடி தேடத் தொடங்கினோம்.

பொருள் என்பது கற்றவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் கைநீட்டி வாங்குவதன்று, ஒருவருக்கொருவர் துணையாக உட்கார்ந்து தேடிக் காண்பது என்பதை, வாழ்நாளெல்லாம் பாடல்களோடு இருந்த எனக்கு அந்த அடுக்களை உணர்த்தியது. இதைப் படிக்கும் ஒவ்வொருவர் இல்லத்திலும், உரக்கப் படிக்கும் குரலும் கூடவே பொருள் தேடும் குரலும் நாளும் ஒலித்திருக்க அன்னை அருள் புரிவாளாக.