ஒலிபெருக்கி மௌனமான அன்று

சோதனை நாட்களில் சித்தப்பா காலையிலிருந்தே வாய் திறக்கமாட்டார். பிளாஸ்கிலிருந்து மூடியில் வெந்நீர் ஊற்றுவார். ஊதமாட்டார், தானாக ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வாய் எடுத்துத் தொண்டையில் கொஞ்சம் நிறுத்தி விழுங்குவார். பிறகு இரண்டு விரலால் கழுத்தைத் தடவிப் பார்ப்பார், மேடையேறப் போகும் பாடகரைப்போல.

அவருக்குப் பாட வராது. விளையாட்டுப் பயிற்சி மையத்தில் பளுப் பயிற்சியாளர். வீராங்கனைகளின் உச்ச பலத்தை அளக்கும்போது பக்கத்தில் நின்று கத்துவது அவருடைய முக்கியமான உத்தியோகம். "விடாத! இன்னும் இருக்கு! இழு!" அங்கே அவர் பெயர் ஒலிபெருக்கி. நான் அதே அறையின் மூலையில் கணினியில் எண்களைப் பதிகிறவன். என் வேலைக்குக் குரல் தேவையில்லை.

பலத்தை அளக்க மூன்று வழிகள் வைத்திருந்தார்கள். முடிந்தவரை கனமான எடையை ஒரே ஒருமுறை தூக்குவது முதல் வழி. சித்தப்பாவுக்கு அதுதான் வேதவாக்கு. குறைந்த எடையைக் கை ஓயும்வரை தூக்கி, எத்தனை முறை என்பதை வைத்துக் கணக்குப் போடுவது இரண்டாவது. மூன்றாவது, புதிதாக வந்த மிஷின். அசையவே அசையாத கம்பி ஒன்றை, தகட்டின்மேல் நின்று மேல்நோக்கி இழுக்க வேண்டும். எவ்வளவு விசை என்று திரை காட்டும்.

"அசையாததை இழுத்து என்னய்யா கண்டுபிடிப்பீங்க? நானும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க சித்திகூட இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு யாரு நம்பர் போட்டா?" என்பார்.

அந்த வருடம் வெளிநாட்டுப் பயிற்சி முகாமுக்கு ஒரே ஓர் இடம். குண்டு எறிகிறவர்கள் இருவர் போட்டியில் நின்றார்கள்: சித்தப்பாவின் மகள், அதாவது என் தங்கை, இன்னொருத்தி ஒரு பேருந்து ஓட்டுநரின் மகள். எறியும் தூரத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. யாருக்குப் பலம் அதிகமோ அவள் போகட்டும் என்றது தேர்வுக்குழு. எந்த வழியில் அளந்த பலம் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் குழு எதற்கு?

முதல் வழியில் தங்கை முந்தினாள். இரண்டாவதில் இருவரும் சமம். மிச்சமிருந்தது மிஷின், அது மறுநாள்.

ஓட்டுநர் மகள் இழுத்தபோது சித்தப்பா கத்திய கத்தலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்து தங்கை. கம்பியைப் பிடித்தாள், இழுத்தாள். சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் போனதுபோல ஓர் அமைதி. வேறு யாருக்கும் கத்தத் தோன்றவில்லை. அது அவருடைய இலாகா. எடை என்றால் ஏறுவதைக் கண் பார்க்கும். அசையாத கம்பியை இழுக்கிறவளிடம், உனக்குள் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். தங்கை கொஞ்சம்தான் பின்தங்கினாள்.

"மிஷின் நம்பரையே எடுத்துக்கலாம். அதுக்குச் சொந்தபந்தம் கிடையாது," என்றார் குழுத் தலைவர். மூன்றில் விலை அதிகமானதும் அதுதான்.

சித்தப்பா ஒரே நாளில் உத்தமராகிவிட்டார். காவலாளி எழுந்து நின்று வணக்கம் வைத்தார். "பெத்த பொண்ணுன்னுகூடப் பாக்கலையே, மனுஷன்!"

வீட்டில் சித்தி வேறு மாதிரி சொன்னார்.

"ஊரான் வீட்டுப் பொண்ணுங்களுக்கெல்லாம் தொண்டை கிழியும். நம்ம பொண்ணுக்கு மட்டும் வாயில பூட்டா? நல்ல பேரு வாங்கியாச்சுல்ல, ஃப்ரேம் போட்டு மாட்டுங்க!"

"தொண்டை கட்டிக்கிச்சு," என்றார் சித்தப்பா, கணீரென்று.

அதோடு சித்தி அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என் வழியாகத் தகவல் போகும். "சாப்பாடு ஆறுதுன்னு உங்க சித்தப்பாகிட்ட சொல்லு." ஒலிபெருக்கி தலையைக் குனிந்து, தட்டில் விரல் படும் சத்தம்கூட வராமல் சாப்பிட்டார்.

வெகு நாட்களுக்குப் பிறகு, பயிற்சிக்கு முன் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டே தங்கை சாதாரணமாகச் சொன்னாள்.

"அன்னைக்குக் காலையில நான்தாண்ணா சொன்னேன். நீங்க கத்தி நான் ஜெயிச்சா, அப்பன் கத்தி ஜெயிச்சவன்னுதான் பேசுவாங்க, என் முறை வரப்போ வாயத் தொறக்காதீங்கப்பான்னு. தலைய மட்டும் ஆட்டினாரு."

"இதை சித்திகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் போனேன். அம்மா திட்டுறது உனக்குத் தாங்காது, எனக்குப் பழக்கம்தான்னு தடுத்துட்டாரு."